இரண்டாயிரம் ரூபாச் சோதனைத் தட்டும் எங்கள் பொலிஸ்காரப் பிள்ளையும்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியை அண்டிய மருந்தகம் ஒன்றில் சென்ற மாதம் நான் வாங்கிய, ஐந்து வகைப் போதைப்பொருள்களைச் சிறுநீரில் கண்டறியும் சோதனைத் தட்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இரண்டாயிரம் ரூபா கொடுத்தால் ஒரு பிளேன்ரீக்கான காசு மிஞ்சும். வணிகப் பெயரை எழுதவில்லை; எங்கள் ஊர் மருந்தகங்களில் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் தட்டுகளின் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே பொருள்தான். முப்பது வருடங்களுக்கு மேல் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இத்தகைய பொருளை வீட்டுக்கு வாங்கலாமா, எவ்வளவுக்கு நம்பலாம் என்று அயலில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதிலும் ஒருமுறை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

மருந்தகத்தில் நின்ற பிள்ளை, தட்டை எடுத்துத் தரும்போது, "வான் ஓடுற ஆருக்குமோ சேர்?" என்று இயல்பாகத்தான் கேட்டார். வெளிநாடு போகிறவர்களும் கனரக வாகனச் சாரதிகளின் வீட்டாரும் வாங்குவது அவர்களுக்குப் பழக்கம். "இல்லை, பொலிஸில இருக்கிற மருமகனுக்கு" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தட்டைக் கடதாசிப் பையில் போட்டு, வாயை மடித்து, இரண்டு இடத்தில் ஸ்ரேப்ளர் அடித்துத் தந்தார். எனக்கு முன்னால் நின்றவருக்கு இருமல் மருந்தை வெறும் கையிலேயே கொடுத்திருந்தார்.

பெட்டிக்குள், உலோகத்தாள் உறையில் அடைத்த தட்டு ஒன்று, சிறிய துளிகுழாய் ஒன்று, ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்று, நான்காக மடித்த விளக்கத்தாள் ஒன்று. சிறுநீர் எடுக்கும் கிண்ணத்தைத் தனியாக வாங்கவேண்டும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டேன். விளக்கத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில், எறும்பின் காலளவு எழுத்தில் இருக்கிறது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இந்தப் பொருளைத் தவறாக வாசித்தால் ஒரு குடும்பம் இரவோடு இரவாக உடைந்துபோகலாம் என்பதால், இதைச் சிறு குறையாக நான் எண்ணவில்லை.

தட்டில் உள்ள ஐந்து சாளரங்களுக்கும் மேலே ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் இருக்கின்றன. எம்.ஓ.பி. என்பது மோர்பின், ஹெரோயின் உடலுக்குள் போனதும் சிதைந்து மோர்பினாக மாறுவதால், ஹெரோயின் பாவித்தவரைக் காட்டுவது இதுதான். எம்.ஈ.ரி. என்பது மெத்தம்பெற்றமின், அதாவது ஊரில் ஐஸ் என்று சொல்லப்படுவது. ரி.எச்.சி. கஞ்சாவுக்குரியது, கஞ்சா கலந்த மாவா என்ற மெல்லும் பாக்குக் கலவையையும் இதுவே காட்டும். சி.ஓ.சி. கொக்கெயினுக்கு, பி.இசட்.ஓ. டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளின் குடும்பத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை அளவு உண்டு. நான் வாங்கிய தட்டில் கஞ்சாவுக்கு மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம், மோர்பினுக்கு 300, ஐசுக்கு 1000. சிறுநீரில் அதற்குக் கீழே இருந்தால் தட்டு "இல்லை" என்றே சொல்லும். எங்கள் சட்டம் போதைப்பொருளைக் கிராமில் நிறுக்கிறது. 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஹெரோயின் 2 கிராமும், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐஸ் 5 கிராமும், மரணதண்டனை அல்லது ஆயுள்தண்டனை வரை கொண்டுபோகும் அளவுகள். அந்த நிறுவையைக் கையில் வைத்திருக்கும் பொலிஸ்காரரையே இப்போது நனோகிராமில் நிறுக்கவேண்டிய நிலை வந்திருக்கிறது.

கவனமாக வாசிக்கவேண்டிய இடம் கோடு. கர்ப்பச் சோதனைத் தட்டையும் கொரோனாக் காலத்து மூக்குச் சோதனைத் தட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டு கோடு என்றால் "உண்டு", ஒரு கோடு என்றால் "இல்லை". இந்தத் தட்டில் அது நேர்மாறானது. நாடாவின் அடியில் பொன் துகள் பூசிய பிறபொருளெதிரிகள், அதாவது அந்தப் போதைப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், உலர்ந்து கிடக்கின்றன; சிறுநீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு மேலே ஊர்கிறது. "ரி" என்று குறித்த இடத்தில் அந்தப் போதைப்பொருளே புரதத்தோடு பிணைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. சிறுநீர் சுத்தமாக இருந்தால் பிறபொருளெதிரிகள் வெறுங்கையோடு வந்து அங்கே பிடித்துக்கொள்ளும். பொன் துகள் சேர்ந்து செந்நிறக் கோடு விழும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால், வழியிலேயே அவற்றின் கை நிறைந்துவிடும், பிடிக்க இடமில்லாமல் கடந்துபோகும், கோடு விழாது. ஆகவே கோடு விழுந்தால் இல்லை, விழாவிட்டால் உண்டு. மங்கலாக, ஒரு மயிரிழை போல விழுந்தாலும் அது கோடுதான், "இல்லை" என்றுதான் கொள்ளவேண்டும். ஐந்து நிமிடத்தில் வாசிக்கவேண்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகு பார்ப்பதில் பொருளில்லை.

வாங்கியது ஒன்று அல்ல, நான்கு. ஒரு கருவியை மற்றவர்மேல் பிரயோகிக்கும் முன்னர் அதை நானே சோதித்துப் பார்ப்பது பழைய தொழில் பழக்கம். முதலாவது, வேறொரு கடையில் வாங்கியது, பாழாகப் போயிற்று. "சி" என்ற இடத்தில் எப்போதும் விழவேண்டிய கட்டுப்பாட்டுக் கோடு ஐந்து சாளரத்தில் இரண்டில் விழவேயில்லை. உறையைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் திகதிக்கு மேல் கடையின் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் உரித்தபோது திகதி முடிந்து ஏழு மாதம். மேலும், இவற்றை 2 பாகைக்கும் 30 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் வைக்கவேண்டும் என்று உறையிலேயே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலுக்கு, குளிரூட்டி இல்லாத கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் 30 பாகை என்பது காலை ஒன்பது மணிக்கே கடந்துவிடும் கணக்கு. வாங்கும்போது திகதியைப் பாருங்கள். வெயில்படும் அலுமாரியில் இருந்து எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது தட்டில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மூன்று துளி விட்டேன். ஐந்து சாளரத்திலும் இரண்டு கோடும் பளிச்சென்று விழுந்தன. கோண்டாவில் கிணற்றுத் தண்ணீர் போதைப்பொருள் பாவிப்பதில்லை என்று தட்டு சான்றிதழ் தந்துவிட்டது. வேடிக்கைக்காகச் செய்ததல்ல. தனக்குள் வந்தது சிறுநீரா, தண்ணீரா, இன்னொருவருடைய சிறுநீரா என்பது இந்தத் தட்டுக்குத் தெரியாது. அதனால்தான் முறையான நிலையங்களில் கிண்ணத்தின் வெளிப்புறத்திலேயே வெப்பநிலைப் பட்டி இருக்கும். கொடுத்து நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 பாகைக்குள் இருக்கவேண்டும். பின்னர், சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவுப்பொருளான கிரியற்றினினின் அளவையும் பார்ப்பார்கள். அது டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தண்ணீர் கலந்த மாதிரி என்று ஐயப்படுவார்கள். கடையில் விற்கும் இந்தப் பெட்டியில் அவை எதுவும் இல்லை.

மூன்றாவது தட்டுக்கு நானே ஆளானேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியபோது கோடீன் கலந்த வலிக்குளிசை தந்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் என் சிறுநீரை விட்டுப் பார்த்தேன். எம்.ஓ.பி. சாளரத்தில் "ரி" கோடு இல்லை. ஐந்து நிமிடம் வரை கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தேன், இல்லைதான். கோடீனின் ஒரு பகுதி ஈரலில் மோர்பினாக மாறுகிறது. தட்டுக்கு அது ஹெரோயினிலிருந்து வந்ததா பல் வைத்தியரிடமிருந்து வந்ததா என்று பிரித்தறியும் வழி இல்லை. அறுபத்தாறு வயதில், காலைத் தேநீருக்கு முன்னரே, நான் ஹெரோயின் பாவனையாளன் ஆகிவிட்டேன். இதேபோலத் தடிமனுக்குக் கொடுக்கும் சூடோஎபெட்ரின் குளிசையும், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் புரொமெதசின் போன்ற சிலவும் ஐஸ் சாளரத்தைக் குழப்பக்கூடியவை. கசகசாவைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அபினிச் செடியின் விதையான கசகசா மோர்பின் காட்டக்கூடியது உண்மை. ஆனால் நல்லூர்ப் பக்கத்துக் குளிர்பானக் கடைகளில் பலூடாவில் வழுக்கிக்கொண்டு வரும் கசகசா, திருநீற்றுப் பச்சிலையின் விதை. அதைக் குடித்ததாகச் சொல்லி யாரும் தப்பமுடியாது.

நான்காவது தட்டு மருமகனுக்கு.

அவர் என் அக்காவின் ஒரே மகன். பொலிஸ் திணைக்களத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலரே சேர்கிறார்கள். சேர்ந்தபோது ஊரில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் அரச உத்தியோகம் என்று வாழ்த்தினார்கள். தென்பகுதி நகரம் ஒன்றில் கான்ஸ்டபிளாக வேலை. இரவு முழுவதும் வீதிச் சோதனை, காலையில் நீதிமன்றம், பிற்பகலில் இரண்டு மணிநேர நித்திரை, மறுபடி வீதி. சென்ற வருடம் கடமை நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து தோள் விலகியது. விடுமுறையில் வந்தவர் இந்தமுறை பகலில் தூங்கி வழிந்தார், இரவில் முற்றத்தில் நடந்தார், பேச்சு நாக்கில் தடுக்கியது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் போதைப்பொருள் செய்தி. 2025 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க போதைப்பொருளுக்கு எதிரான "முழு நாடுமே ஒன்றாக" என்ற தேசிய செயற்பாட்டைத் தொடக்கிவைத்ததிலிருந்து, பொலிஸுக்குள்ளேயே பாவிக்கிறவர்களைக் களைவது பற்றிய பேச்சும் கூடிவிட்டது. அக்காவின் நெஞ்சு தாங்கவில்லை. "தம்பி, அவனுக்குத் தெரியாமல் கழிப்பறையில இருந்து எடுத்துத் தாறன், நீ பார்த்துச் சொல்லு" என்றார். மறுத்துவிட்டேன். அவரிடமே கேட்போம், சம்மதித்தால் செய்வோம் என்றேன்.

அவர் சம்மதித்தார், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "பாருங்கோ மாமா. நான் ஐஸும் அடிக்கேல்லை, பவுடரும் அடிக்கேல்லை" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார். பின்விறாந்தையில், அம்மிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் தட்டை வைத்து மூன்று மூன்று துளியாக விட்டேன். செந்நிறம் நாடாவில் ஊறி ஏறுவதைத் தோளுக்கு மேலால் அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் கஞ்சாச் சாளரத்தில், பின்னர் ஒவ்வொன்றாக, கோடுகள் விழத் தொடங்கின. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். "அஞ்சிலயும் விழுந்திட்டுதே!" கோடு விழுந்தால் நல்லது என்று அவருக்கு முன்னரே சொல்லியிருந்தேன், தமிழில் எழுதியும் கொடுத்திருந்தேன். அந்தத் துண்டு அவருடைய கைக்குள்தான் கசங்கிக் கிடந்தது. படித்த மனிதர், ஆசிரியையாக இருந்தவர். இந்தப் பொருளின் வடிவமைப்பைப் பற்றி எனக்கு உள்ள மிகப் பெரிய குறை அந்தப் படியில் இருந்தது.

ஐந்தும் "இல்லை". கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது, மருமகன் சொன்னதும் உண்மை. ஆனால் ஆய்வுகூடத்தில் தலை நரைத்தவனுக்கு, அறிக்கையை மட்டும் பார்த்து ஆளைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அவர் நடக்கும்போது சுவரைத் தொட்டு நடந்தார். மாலையில், அக்கா கோவிலுக்குப் போன நேரத்தில், "தோளுக்கு என்ன மருந்து எடுக்கிறீர்?" என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, பயணப் பையின் பக்கப் பைக்குள் இருந்து இரண்டு வகையை எடுத்துக் காட்டினார். ஒன்று ட்ரமடோல், விழுந்தபோது வைத்தியர் இரண்டு வாரத்துக்கு எழுதியது, பத்து மாதமாகத் தொடர்கிறது. மற்றது பிரெகபலின், 150 மில்லிகிராம் கப்சியூல். அட்டையில் இல்லை, ஒரு பொலித்தீன் உறைக்குள் உதிரியாக. "கூட வேலை செய்யிற ஒருத்தர் தந்தவர். அடிச்சால் இரவு நிக்கலாம், வலி தெரியாது, பிறகு நித்திரையும் வரும்" என்றார். அந்த ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தத் தட்டை மதிப்பிடுகிறவர் மறக்கக்கூடாதது இதுதான். ட்ரமடோல் அபினி வகையைப் போலச் செயற்பட்டாலும் அதன் கட்டமைப்பு வேறு; எம்.ஓ.பி. சாளரம் அதைக் காணாது. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் உரிய பிரெகபலினுக்கு ஐந்து சாளரத்தில் ஒன்றுகூட இல்லை. வடக்கில் போதைக் குளிசை என்று செய்தியில் வரும்போது பெரும்பாலும் குறிப்பிடப்படுவது இந்தப் பிரெகபலின்தான். நித்திரைக் குளிசைகளுக்கு ஒரு சாளரம் இருந்தாலும், லொராசிபாம் போன்ற சில அதில் சரியாகப் பிடிபடுவதில்லை. இவற்றுக்குத் தனியான பட்டிகள் உலகில் இல்லாமல் இல்லை. நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளில் இல்லை. மதுவையும் இது பார்க்காது. மது போதையில் வாகனம் ஓட்டுகிறார்களா என்று எங்களை வழிமறித்துப் பலூன் ஊதச் சொல்லும் அதே கைக்கு, கடமைக்கு ஏறும் முன் பலூன் ஊதக் கொடுப்பது இந்தத் தட்டைவிட மலிவானது என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

திணைக்களம் தன் உத்தியோகத்தர்களைச் சோதிப்பதற்கு இத்தகைய தட்டு எவ்வளவு பொருத்தம் என்பதும் நான் யோசித்த விடயம். சோதனை வேண்டாம் என்பவன் அல்லன் நான். துப்பாக்கியும், சாட்சிப் பொருள் அறையின் திறப்பும், நள்ளிரவில் ஒருவரை நிறுத்தி உடலைத் தடவிப் பார்க்கும் அதிகாரமும் உள்ளவர் தெளிந்த தலையோடு இருக்கிறாரா என்று அறியப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டிலேயே, துப்பாக்கி ஏந்தும் சுங்க அதிகாரிகளை ஐயம் இல்லாமலேயே சோதிக்கலாம் என்று தீர்த்தது. எங்கள் நாட்டில் 2020 ஆம் ஆண்டு, பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தைச் சேர்ந்த அதிகாரிகள் சிலர், கைப்பற்றிய போதைப்பொருளைக் கடத்தல்காரர்களுக்கே விற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதுசெய்யப்பட்டார்கள். போதைப்பொருளைப் பிடிக்கும் கைக்கும் அதைப் பாவிக்கும் கைக்கும் இடையில் எவ்வளவு குறைந்த தூரம் என்பதை அந்த வழக்கு எல்லோருக்கும் காட்டியது.

ஆனால் இந்தத் தட்டு யாரைப் பிடிக்கும் என்று பாருங்கள். ஐஸ் சிறுநீரில் இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். ஹெரோயினின் மோர்பின் இரண்டு மூன்று நாள். தொடர்ந்து கஞ்சா புகைப்பவருக்கோ ஒரு மாதம் வரை தெரியலாம், ஏனென்றால் அது கொழுப்பில் தங்கிக் கசிகிறது. எனவே, திங்கட்கிழமை சோதனை என்று முந்திய வாரமே நிலையத்தில் பேச்சு அடிபட்டால், ஹெரோயின்காரர் கோட்டோடு வெளியே வருவார். மூன்று வாரத்துக்கு முன் விடுமுறையில் கஞ்சாவிலேயே கிடந்துவிட்டு வந்தவர் மாட்டிக்கொள்வார். கஞ்சா குற்றமில்லை என்று சொல்லவரவில்லை. கருவியின் கண் எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்று தெரியாமல் தலைகளை எண்ணினால், எண்ணிக்கை பிழைக்கும் என்கிறேன். முன்னறிவிப்பில்லாத சோதனைக்குத்தான் பெறுமதி.

அதைவிடப் பெரிய கேள்வி, கிண்ணத்தை யார் பிடிப்பது. ஒரு நிலையத்தின் சார்ஜன்ட், தன் பொறுப்பதிகாரி கழிப்பறைக்குள் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பாரா? ஆய்வுகூடத்தில் நாங்கள் பழகிய ஒழுங்கு எளிமையானது: மாதிரி கொடுத்தவரின் முன்னிலையிலேயே இரண்டு போத்தலில் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இரண்டிலும் அவருடைய கையொப்பம், ஒன்றைச் சோதிப்பது, மற்றதைக் குளிரில் வைத்திருப்பது, போத்தல் எந்த நேரத்தில் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது என்பதற்கு ஓர் ஏடு. கோடு விழாத மாதிரி எதுவாயினும், வாயு நிறப்பகுப்பியலும் திணிவு நிறமாலையும் சேர்ந்த கருவியில் மறுபடி பார்க்கப்படவேண்டும். ஹெரோயினையும் கோடீனையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கருவிதான்; ஹெரோயினிலிருந்து மட்டும் உண்டாகும் இடைநிலைப் பொருளை அது தேடிப் பிடிக்கும். விளக்கத்தாளிலேயே, இது முதற்கட்டச் சோதனை மட்டுமே, முடிவு உறுதிப்படுத்தப்படவேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள், அந்த எறும்புக்கால் எழுத்தில். பல் பிடுங்கிய ஒரு கான்ஸ்டபிளின் சீருடையை இந்தத் தட்டை மட்டும் வைத்துக் கழற்றுவது கருவியின் பிழையாகாது, அதைப் பிடித்திருப்பவரின் பிழை.

சிறுநீர் வேண்டாம், முடியைச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முடி மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்வதால், மூன்று சென்ரிமீற்றருக்குள் மூன்று மாத வரலாறு இருக்கும் என்பது கவர்ச்சியான கணக்கு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பொலிஸார் அப்படித்தான் செய்தார்கள். வேலையிழந்த கறுப்பின உத்தியோகத்தர்கள் வழக்குப் போட, கறுப்பினத்தவர் கூடிய விகிதத்தில் பாதிக்கப்பட்டார்கள் என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. முடியின் கருமைக்குக் காரணமான மெலனின், கொக்கெயின் போன்றவற்றைக் கூடுதலாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எங்கள் நாட்டில் பொலிஸில் இருப்பவர்கள், தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, எல்லோருடைய முடியும் கறுப்பு என்பதால் இங்கே ஒருவருக்கொருவர் பாரபட்சம் வராது. ஆனால் வேற்று முடிக்கு வகுத்த எல்லை அளவை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கு: நித்திரையில்லாமல், மெலிந்து, பணம் கேட்டு அலையும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஐஸா ஹெரோயினா என்று முதலில் அறிய இந்தத் தட்டு உதவும். அதற்கு ஐந்தில் மூன்றரைப் புள்ளி கொடுப்பேன். விளக்கத்தாளுக்கும் கிண்ணம் இல்லாததற்கும் ஒரு புள்ளியைக் கழித்தேன்; அரைப் புள்ளி, குளிசைகளைக் காணாததற்கு. பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். "இல்லை" என்று வந்தால், பயணப் பையையும் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என்ன குளிசை எடுக்கிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள். அப்படி ஏதும் எடுக்கிறார் என்று தெரிந்தால் பறித்துக் கிணற்றுக்குள் எறியவேண்டாம். பிரெகபலினைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம், கடும் பதற்றமும் நித்திரையின்மையும் வரும். ட்ரமடோலும் அப்படியே தொல்லை கொடுக்கும். வைத்தியர் படிப்படியாகத்தான் குறைப்பார். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் பணம் வாங்குவதில்லை.

மருமகனை விடுமுறை முடியும் முன்னர் ஒரு மனநல வைத்தியரிடம் அழைத்துப்போனேன். வாசலில் நின்று, "மாமா, வேலைக்கு அறிவிப்பினமோ?" என்று மூன்று தடவை கேட்டார். உள்ளே போன பிறகு வைத்தியரிடமும் முதலில் கேட்டது அதையே. தோள் வலியைப் பற்றிப் பேசவே அரைமணி நேரம் போயிற்று. குறைக்கும் அட்டவணையை வைத்தியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலை, இரவு, எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமையிலிருந்து என்று ஆறு வரி. அதைப் பொலிஸ் அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு இரவு வண்டியில் ஏறினார். அக்கா இன்னும் நம்பவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஒரு தட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். வாங்கினாலும் அதில் ஐந்து கோடும் விழும் என்று சொன்னேன். "விழட்டும், நான் பார்க்கவேணும்" என்றார். திகதி பார்த்து ஒன்று வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.